இரத்தக்கசிவு, 18 மி.மீ. சாக், கரு தெரியவில்லை: கர்ப்பம் கலைந்துவிட்டது என்று எப்போது உறுதியாகச் சொல்லலாம்?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் தொகுத்துக்கொள்கிறேன். கடைசி மாதவிடாய் தொடங்கி எட்டு வாரம் ஆகிறது. உங்களுக்குச் சுழற்சி வழக்கமாகவே 40, 45 நாள் என்று தள்ளித்தான் வரும். நான்கு நாளாகப் பழுப்பும் சிவப்புமாகக் கசிவு, இலேசான அடிவயிற்று வலி. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் சாக் (கரு வளரும் திரவப்பை) 22 × 18 × 14 மி.மீ., அதற்குள் யோக் சாக் (கருவுக்குத் தொடக்கத்தில் ஊட்டம் தரும் சிறு பை) தெரிகிறது, கரு தெரியவில்லை. இரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் 6,200. 48 மணி நேரம் கழித்து 7,900. ஒரு மருத்துவர் "மிஸ்டு அபார்ஷன், நாளைக்கே க்ளீன் பண்ணிடலாம்" என்கிறார்; கரு உள்ளேயே முடிந்துவிட்டது, கர்ப்பப்பையைக் காலி செய்யலாம் என்று பொருள். இன்னொருவர் காத்திருக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இருப்பது இதுதான்: ஒரு கர்ப்பம் முடிந்துவிட்டது என்று அறிவிக்க எவ்வளவு ஆதாரம் வேண்டும், அந்த அளவு ஆதாரம் இன்றைக்கு உங்களிடம் இருக்கிறதா?

இல்லை. நீங்கள் தந்த எண்கள் கவலை தருபவை, ஆனால் முடிவைச் சொல்லப் போதாதவை. நான் உங்களைப் பரிசோதிக்கவில்லை, ஸ்கேன் படங்களையும் பார்க்கவில்லை. அறிக்கையில் உள்ள அளவுகள் சரியாக எடுக்கப்பட்டவை என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்த எல்லைக்குள் நின்று சொன்னால், காத்திருக்கச் சொன்னவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஏன் என்பதையும், எந்த நிலையில் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதையும் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதத்தில் இரத்தக்கசிவு ஏற்படுவது அரிதில்லை. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வருகிறது. அவர்களில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ கர்ப்பம் தொடர்கிறது. ஆகவே கசிவு என்பது விசாரிக்க வேண்டிய ஓர் அறிகுறி, அவ்வளவுதான். விசாரணைக்கு ஒரு வரிசை உண்டு. கரு எங்கே இருக்கிறது என்பது முதல் கேள்வி. உயிரோடு இருக்கிறதா என்பது இரண்டாவது. இந்த இரண்டிலும் தவறு செய்தால் வரும் விளைவு நேரெதிரானது. கர்ப்பப்பைக்குள் இருக்கும் கர்ப்பத்தில் அவசரப்பட்டால் உயிருள்ள கருவைக் கலைத்துவிடலாம். தாமதித்தால் பெரும்பாலும் மன வேதனை நீள்கிறது, வேறு பெரிய கேடு இல்லை. கருக்குழாயில் இருக்கும் கர்ப்பத்தில் தாமதித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. வரிசையை மாற்றிக் கேட்பதால்தான் பல தவறுகள் நடக்கின்றன.

கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கும், பெரும்பாலும் கருக்குழாயில்; இதைத்தான் எக்டோபிக் என்கிறோம். முன்பு கருக்குழாய் அறுவை, இடுப்புக்குழித் தொற்று, முந்தைய எக்டோபிக், ஐவிஎஃப் சிகிச்சை, காப்பர்-டி இருக்கும்போதே கருத்தரிப்பது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். ஆனால் எக்டோபிக் வந்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படி எந்தக் காரணமும் இருப்பதில்லை. "எனக்கு அப்படி எதுவும் இல்லையே" என்று யாரும் நிம்மதி அடைய முடியாது. ஒரு பக்கமாகக் கூடிக்கொண்டே போகும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, மயக்கம், மலம் கழிக்க வேண்டும்போல அடியில் அழுத்தம் ஆகியவை வயிற்றுக்குள் இரத்தம் சேர்வதைக் காட்டலாம். அப்போது அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது; தமிழ்நாட்டில் இருந்தால் 108-ஐ அழைத்து, அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெளியே வரும் இரத்தம் கொஞ்சமாக இருப்பதை வைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம், எக்டோபிக்கில் பெரும் இழப்பு உள்ளேதான் நடக்கும். இளம் பெண்களுக்கு இரத்த அழுத்தம் கடைசிவரை இறங்காமல் நின்று, பிறகு திடீரென்று விழும். நாடித்துடிப்பு வேகமெடுப்பதுதான் முதலில் தெரியும்.

உங்கள் விஷயத்தில் இந்த முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. சாக்குக்குள் யோக் சாக் தெரிகிறது என்றால் அது உண்மையான கர்ப்ப சாக். எக்டோபிக்கில் கர்ப்பப்பைக்குள் வெறும் திரவம் தேங்கி, சாக் போலவே தோற்றம் தருவதுண்டு. அதற்குள் யோக் சாக் இருக்காது. இயற்கையாகக் கருத்தரித்தவர்களுக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரட்டைக் கர்ப்பம் மிக மிக அரிது. ஐவிஎஃப் அல்லது கருமுட்டை தூண்டும் மருந்து எடுத்திருந்தால் மட்டும் அந்தச் சந்தேகத்தை மனதில் வைத்திருக்க வேண்டும். இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய பிரசவம் சிசேரியனாக இருந்தால், சாக் கர்ப்பப்பையின் மேற்பகுதியில் இருக்கிறதா அல்லது கீழே பழைய தழும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்பது தெரிய வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆகவே இது இங்கே ஏட்டுச் சந்தேகம் இல்லை. தழும்பில் தங்கிய கர்ப்பத்தை "அபார்ஷன் ஆகிக்கொண்டிருக்கிறது, சாக் கீழே இறங்கிவிட்டது" என்று நினைத்து வழக்கமான முறையில் சுரண்டி எடுத்தால் கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு வரும்.

ஸ்கேன் எடுத்துவிட்டார்கள் என்பதால் உடல் பரிசோதனையை விட்டுவிடுவது இப்போது பழக்கமாகி வருகிறது. அது சரியல்ல. பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பார்த்தால் இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்கே தெரியும். கர்ப்பப்பை வாயில் உள்ள சிறு பாலிப் (சதை வளர்ச்சி), வாய்ப்பகுதியின் சிவந்த புண் போன்ற இடம், தொற்று ஆகியவையும் கர்ப்ப காலத்தில் இரத்தம் கசிய வைக்கும். கருவுக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. கர்ப்பப்பை வாய் திறந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வாய் மூடியிருந்து, கரு உயிரோடு இருந்தால் அது த்ரெட்டன்ட் அபார்ஷன், அதாவது கலையும் அச்சுறுத்தல் மட்டும். வாய் திறந்து, சதைத்துணுக்கு வாயிலேயே சிக்கியிருந்தால், கடும் வலியோடு நாடி மெதுவாகி இரத்த அழுத்தமும் விழலாம். அந்தத் துணுக்கை எடுத்ததுமே பெரும்பாலும் நிலைமை சீராகிவிடும். இதையெல்லாம் ஸ்கேன் அறிக்கை சொல்லாது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். கர்ப்பப்பைக்குள் இருக்கும் கர்ப்பம் முடிந்துவிட்டது என்று ஒரே ஒரு ஸ்கேனில் சொல்ல இன்று ஏற்கப்பட்ட எல்லைகள் இரண்டுதான். கருவின் நீளம், அறிக்கையில் சிஆர்எல் என்று இருப்பது, 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து இதயத்துடிப்பு இல்லாமல் இருப்பது ஒன்று. சாக்கின் சராசரி விட்டம், அதாவது எம்எஸ்டி, 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து உள்ளே கருவே இல்லாமல் இருப்பது மற்றொன்று. இரண்டும் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் டிவிஎஸ் ஸ்கேனுக்கு மட்டுமே பொருந்தும். வயிற்றின் மேல் வைத்து எடுத்த ஸ்கேனில் இந்த எண்களைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இந்த எண்கள் முன்பு இப்படி இருக்கவில்லை. பல காலம் கரு 5 மி.மீ., சாக் 16 மி.மீ. என்பதே எல்லை, பிரிட்டனில் 6 மி.மீ., 20 மி.மீ. என்று வைத்திருந்தார்கள். 2010-ல் அயர்லாந்தில், கர்ப்பம் முடிந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பெண்களுக்கு உயிருள்ள கரு இருந்தது வெளியே வந்து பெரும் கொந்தளிப்பானது. அதன்பின் நடந்த தேசிய அளவிலான ஆய்வின் அறிக்கை 2011 ஏப்ரலில் வந்தது. அப்படித் தவறாகக் கண்டறியப்பட்ட 24 நிகழ்வுகளை அது பதிவு செய்தது. அதே ஆண்டில் பிரிட்டனில் வெளியான அளவீட்டு ஆய்வுகள் பழைய எல்லையின் பிழையை எண்ணிக்கையில் காட்டின. சாக் 16 மி.மீ. என்ற எல்லையில் நூற்றுக்கு 4.4 பேருக்கும், கரு 5 மி.மீ. என்ற எல்லையில் நூற்றுக்கு 8.3 பேருக்கும் உயிருள்ள கர்ப்பத்தை முடிந்துவிட்டதாகச் சொல்லும் அபாயம் இருந்தது. இன்னொரு ஆய்வு, அளப்பவருக்கு அளப்பவர் வரும் வேறுபாட்டைப் பார்த்தது: ஒருவர் 20 மி.மீ. என்று அளக்கும் சாக்கை இன்னொருவர் 16.8 முதல் 24.5 வரை எதுவாகவும் அளக்கக்கூடும். அந்த இடைவெளியையும் சேர்த்து, ஒரு பிழைகூட நேரக்கூடாது என்பதற்காகவே 7, 25 என்று எல்லையை உயர்த்தினார்கள். பிரிட்டனில் 2011 அக்டோபரிலேயே இது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் கதிரியல் வல்லுநர்கள் கூடி எடுத்த முடிவு 2013-ல் வெளியானது. பழைய பாடப்புத்தகத்தில் படித்த 16, 20 என்ற எண்களை மனதில் வைத்துக்கொண்டே இன்றும் சிலர் அறிக்கை எழுதுகிறார்கள். உங்கள் முதல் மருத்துவர் அப்படித்தான் முடிவெடுத்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் உங்கள் எண் விழுவது சரியாக அந்தப் பழைய எல்லைக்கும் புதிய எல்லைக்கும் நடுவில்தான்.

உங்கள் சாக்கின் சராசரியைப் போட்டுப் பாருங்கள்: 22, 18, 14 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 18 மி.மீ. நீளவாட்டு அளவான 22-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு "22 மி.மீ. சாக், கரு இல்லை" என்று பேசினால் நிலைமை இன்னும் மோசமாகத் தோன்றும். மூன்று திசையிலும், சாக்கின் வெள்ளை விளிம்பைச் சேர்க்காமல், உள்விளிம்பு முதல் உள்விளிம்பு வரை அளக்க வேண்டும். 16 முதல் 24 மி.மீ. வரையிலான சாக்கில் கரு இல்லை என்றால் இன்றைய வகைப்பாட்டில் அதன் பெயர் "சந்தேகத்துக்குரியது". கரு 7 மி.மீ.க்குக் குறைவாக இருந்து துடிப்பு இல்லாவிட்டாலும், யோக் சாக் 7 மி.மீ.க்கு மேல் வீங்கியிருந்தாலும், கருவின் அளவுக்குச் சாக் மிகச் சிறியதாக இருந்தாலும் அதே பெயர்தான். இவற்றில் எத்தனை சேர்கின்றனவோ அந்த அளவுக்குச் சந்தேகம் வலுக்கும். ஆனால் நான்கு சந்தேகங்களைச் சேர்த்து ஒரு உறுதி ஆக்க முடியாது.

தேதிக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் மிகப் பெரிய குழப்பம் அங்கேதான். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு எட்டாவது வாரத்தில் கரு சுமார் 16 மி.மீ. வளர்ந்து துடிப்போடு இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் ஸ்கேன் தோல்விதான். ஆனால் 42 நாள் சுழற்சி உள்ளவருக்குக் கருமுட்டை வெளியாவதே ஏறத்தாழ 28-ஆம் நாளில். எட்டு வாரம் என்பது உண்மையில் ஆறு வாரமாகிவிடுகிறது. டிவிஎஸ்ஸில் சாக் ஐந்தாம் வார வாக்கில் தெரியும், யோக் சாக் ஐந்தரை வாரத்தில், துடிப்புள்ள கரு ஆறாம் வாரத்தில். சாக்கின் சராசரி மி.மீ.யோடு 30-ஐக் கூட்டினால் வருவது தோராயமாகக் கர்ப்பத்தின் நாள் என்று ஒரு பழைய சூத்திரம் உண்டு. உங்களுக்கு 48 நாள், ஏழு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. சில நாள் முன்பின் போகக்கூடிய கணக்கு அது. வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை முதன்முதலில் எந்தத் தேதியில் இரண்டு கோடு காட்டியது என்று நினைவுபடுத்துங்கள். நான்கு வாரத்துக்கு முன்பே தெளிவாகக் காட்டியிருந்தால், அன்றே கர்ப்பத்துக்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகியிருக்கும். அப்படியானால் இன்று எட்டு வாரத்துக்கு அருகில். கரு தெரியாதது நல்ல அறிகுறி இல்லை. அதற்கு மாறாக, ஒரு கோடு மட்டும் வந்து, பிறகு இரண்டு வாரத்துக்கு முன்தான் மங்கலாக இரண்டாவது கோடு வந்தது என்றால், ஆறு வாரம் என்பது முற்றிலும் சாத்தியம். இந்த ஒரு தேதி, மாதவிடாய்த் தேதியைவிட உங்களுக்கு அதிகம் உதவும். மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பீட்டா எச்சிஜி பற்றி நிறையக் குழப்பம் பரவியிருக்கிறது. "48 மணியில் இரட்டிப்பாக வேண்டும், ஆகவில்லை என்றால் போச்சு" என்பதுதான் பலரும் கேள்விப்பட்டது. அது உண்மையல்ல. நல்ல கர்ப்பங்களில் பெரும்பாலானவை அதை ஒட்டி ஏறும் என்றாலும், மெதுவாக ஏறிப் பிழைத்த கர்ப்பங்களும் உண்டு. தொடக்க அளவு 1,500-க்குக் கீழ் இருந்தால் குறைந்தது 49 சதவீதமும், 1,500 முதல் 3,000 வரை 40 சதவீதமும், 3,000-க்கு மேல் 33 சதவீதமும் ஏறினால் அது இயல்பின் கீழ் எல்லைக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு 6,200-லிருந்து 7,900, அதாவது 27 சதவீதம். அந்த எல்லைக்கும் கீழே. இதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. இந்த எண் கவலைக்குரியதுதான். ஆனால் இரண்டு மாதிரிகளும் ஒரே ஆய்வகத்தில், ஒரே கருவியில் பார்க்கப்பட்டவையா? இடைவெளி உண்மையிலேயே 48 மணியா, இல்லை காலையில் ஒன்று, மறுநாள் மாலை ஒன்று என்று 34 மணியா? ஆய்வகம் மாறினாலே கணிசமான வித்தியாசம் வரும். அதைவிட முக்கியமானது: கர்ப்பப்பைக்குள் யோக் சாக் தெரிந்த பிறகு, உயிர் இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஸ்கேனுக்குத்தான், இரத்தப் பரிசோதனைக்கு இல்லை. மூன்றாவது, நான்காவது எச்சிஜி எடுப்பதால் காசும் நிம்மதியும் போகும், முடிவு கிடைக்காது.

எச்சிஜிக்கு உண்மையான வேலை இருப்பது ஸ்கேனில் எதுவுமே தெரியாதபோதுதான். இந்தப் பகுதி உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது, ஆனால் இதே கேள்வியோடு இங்கு வருபவர்களில் பலர் அந்த நிலையில் இருப்பார்கள். கர்ப்பம் உறுதி, கர்ப்பப்பை காலி என்றால் மூன்று வாய்ப்பு: ஸ்கேனில் தெரியாத அளவுக்கு இளம் கர்ப்பம், முழுதாக வெளியேறிய கர்ப்பம், எக்டோபிக். ஒரே ஒரு எச்சிஜி இந்த மூன்றையும் பிரிக்காது. 1,500-ஐத் தாண்டினால் சாக் தெரிந்தே ஆகவேண்டும் என்ற பழைய கணக்கை நம்பி, தெரியாததால் எக்டோபிக் என்று முடிவு கட்டி கர்ப்ப வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டு நல்ல கர்ப்பங்களைக் கெடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி அந்த எல்லையை 3,500 வரை உயர்த்தி வைக்கச் சொல்கிறது. 48 மணியில் பாதிக்கு மேல் இறங்கினால் கர்ப்பம் தொடரப் போவதில்லை என்று கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்து சிறுநீர்ப் பரிசோதனை ஒற்றைக் கோடு காட்ட வேண்டும். நன்றாக ஏறுகிறது என்பதை வைத்து எக்டோபிக் இல்லை என்று சொல்ல முடியாது; எக்டோபிக்குகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று நல்ல கர்ப்பத்தைப் போலவே ஏறும். இறங்கும் எக்டோபிக்கும் வெடிக்கலாம்.

"கட்டி கட்டியாகப் போய்விட்டது, ஸ்கேனில் காலி, முழுதாகக் கலைந்துவிட்டது" என்ற வாக்கியத்தை மிகவும் எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். முன்பே ஒரு ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் சாக் பார்த்திருந்தால் மட்டுமே அது நம்பத்தக்கது. முன் ஸ்கேன் இல்லையென்றால், எச்சிஜி விழுந்து முடிவது வரை பின்தொடர வேண்டும். எக்டோபிக்கிலும் கர்ப்பப்பையின் உட்சவ்வு அச்சு வார்த்ததுபோல ஒரு துண்டாகக் கழன்று வரும், பார்ப்பவருக்குக் கரு வெளியேறியது போலவே இருக்கும். மருந்துக்கடையில் கலைப்பு மாத்திரை வாங்கி ஸ்கேன் இல்லாமலே போட்டுக்கொள்பவர்கள் விழும் குழியும் இதுதான். மாத்திரையால் இரத்தம் வருகிறது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், கருக்குழாயில் கர்ப்பம் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் அளவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஸ்கேன் தெளிவில்லாதபோது அது ஒரு மில்லிலிட்டருக்கு 6 நானோகிராமுக்கும் கீழே இருந்தால் கர்ப்பம் நிலைக்காது என்பதற்கு வலுவான அறிகுறி. ஆனால் நீங்கள் ஏற்கெனவே புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மருந்தாக அதைக் கொடுப்பது பற்றி 2019-ல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வு, தொடக்கக் கர்ப்பத்தில் இரத்தக்கசிவு உள்ள எல்லோருக்கும் அது பயன் தருவதாகக் காட்டவில்லை. முன்பு கருச்சிதைவு ஆனவர்களுக்கு, முக்கியமாக மூன்று அல்லது அதற்கு மேல் ஆனவர்களுக்கு, பயன் தெரிந்தது. உங்களுக்கு முன்பு அப்படி ஆகியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். முதல் கர்ப்பம் என்றால் போடாமல் விட்டதால் இழந்துவிட்டேன் என்று வருந்தத் தேவையில்லை. படுத்தே இருப்பதும் கருச்சிதைவைத் தடுப்பதாக நிரூபிக்கப்படவில்லை. படி ஏறியது, பைக்கில் போனது, பப்பாளி ஒரு துண்டு சாப்பிட்டது எதுவும் இதற்குக் காரணமில்லை. முதல் மூன்று மாத இழப்புகளில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் வருவது; அது கருத்தரித்த வேளையிலேயே தீர்மானமாகிவிட்ட ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது வேறு மாதிரி பேசினால், இந்த வரிகளை அவர்களிடம் காட்டுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதல் ஸ்கேன் வயிற்றின் மேல் எடுத்ததா, டிவிஎஸ்ஸா என்று அறிக்கையில் பாருங்கள். வயிற்றின் மேல் என்றால் நாளையோ மறுநாளோ ஒரு டிவிஎஸ் எடுத்துவிடுங்கள். காத்திருப்புக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். உள்ளே விட்டு ஸ்கேன் எடுத்தால் கரு கலைந்துவிடும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. கலையாது. இரத்தம் வந்துகொண்டிருக்கும்போதும் எடுக்கலாம். முதல் ஸ்கேனே டிவிஎஸ் என்றால், அந்த நாளிலிருந்து எண்ணுங்கள். யோக் சாக் உள்ள சாக் பார்த்து 11 நாளோ அதற்கு மேலோ ஆகியும் துடிப்புள்ள கரு இல்லையென்றால் கர்ப்பம் முடிந்துவிட்டது என்பது உறுதி. யோக் சாக்கும் இல்லாத வெறும் சாக்காக இருந்திருந்தால் அது 14 நாள். பிரிட்டிஷ் வழிகாட்டுதல் குறைந்தது 7 நாள் என்கிறது. முதல் ஸ்கேனிலேயே சாக் 12 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து, 7 நாள் கழித்தும் துடிப்புள்ள கரு வராவிட்டால் போதும் என்று 2015-ல் வந்த ஆய்வு சொல்கிறது. இரண்டும் நம்பகமான வழிகளே. கசிவு குறைவாக இருந்து உங்களால் தாங்க முடிந்தால் 11 நாள் வரை பொறுத்து ஒரே ஸ்கேனில் முடிவு தெரிந்துகொள்ளச் சொல்வேன். 7-ஆம் நாளில் எடுத்தால் மறுபடியும் "சந்தேகம்" என்றே அறிக்கை வந்து, அதே வேதனை இன்னொரு முறை தொடங்கக்கூடும்.

அந்த ஸ்கேனுக்கு அதே மையத்துக்குப் போவது நல்லது. முடியாவிட்டால் பழைய அறிக்கையையும் படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள். சிறுநீர் கழித்துவிட்டு டிவிஎஸ்ஸுக்குப் படுக்க வேண்டும். சாக்கின் மூன்று அளவும், சராசரியும், யோக் சாக்கின் அளவும், கரு இருந்தால் அதன் நீளமும் அறிக்கையில் எழுதப்பட வேண்டும். ஆறாம் வாரத்துக் கரு யோக் சாக்கை ஒட்டிய ஒரு தடிப்பாகத்தான் இருக்கும், துடிப்பு அதற்குள் ஒரு சிமிட்டலாகத் தெரியும். நிதானமாக, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய விஷயம் அது. கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருந்தாலோ ஃபைப்ராய்டு கட்டி மறைத்தாலோ இன்னும் கடினம். கர்ப்பம் முடிந்துவிட்டது என்று எழுதும் முன் இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்வது நல்ல வழக்கம். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேட்டால் நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். துடிப்பு தெரிந்துவிட்டால், கசிவு இருந்தாலும் பெரும்பான்மையான கர்ப்பங்கள் தொடர்கின்றன. துடிப்பு நிமிடத்துக்கு 90-க்கும் குறைவாக இருந்தால் மட்டும் ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சாக்கை ஒட்டி இரத்தக்கட்டு என்று எழுதினால் அதை நினைத்துக் கலங்க வேண்டாம். சிறியவை பெரும்பாலும் தானே வடிந்துவிடும்.

இடைப்பட்ட நாட்களில் ஒரு மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலோ துர்நாற்றமுள்ள கசிவோ வந்தாலோ, மேலே சொன்ன எக்டோபிக் அறிகுறிகளில் ஏதேனும் தோன்றினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அப்போது 11 நாள் கணக்கெல்லாம் செல்லாது. பெரும் இரத்தப்போக்கில் கர்ப்பப்பையை உடனே காலி செய்வதுதான் சிகிச்சை, அதற்குத் தயங்கக் கூடாது.

கர்ப்பம் முடிந்துவிட்டது என்று உறுதியானாலும் அன்றே ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டியதில்லை. இயற்கையாக வெளியேற ஒன்றிரண்டு வாரம் விடலாம். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையில் எடுக்கலாம். அல்லது உறிஞ்சி எடுக்கும் முறையில் சுத்தம் செய்யலாம். கூரிய கருவியால் சுரண்டும் பழைய டி அண்ட் சி முறையை உலக சுகாதார நிறுவனமே கைவிடச் சொல்லிவிட்டது, எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் இரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று அப்போதே கேளுங்கள். 12 வாரத்துக்கு முன் யாருக்கெல்லாம் அவசியம் என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து வேறுபடுகிறது. போடுவதாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். வெளியே வரும் திசுவை நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (நஞ்சுத் திசு இயல்பு மீறி வளரும் மோலார் கர்ப்பம்) தொடக்க வாரங்களில் ஸ்கேனில் சாதாரணக் கருச்சிதைவு போலவே ஏமாற்றும்; திசுவைப் பார்த்தால்தான் தெரியும், தெரிந்தால் எச்சிஜியை மாதக்கணக்கில் கண்காணிக்க வேண்டியிருக்கும். அந்தப் பரிசோதனைக்கான திசு ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போக வேண்டும். குரோமோசோம் பரிசோதனையும் செய்வதாக இருந்தால் அதற்கான துண்டை ஃபார்மலினில் போடாமல் நார்மல் சலைனில் தனியாக அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டு விடுவதால் அந்தப் பரிசோதனை பல நேரம் வீணாகிறது. சிகிச்சைக்கு முன்பே செவிலியரிடம் இரண்டு பாட்டில் வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.